ஒரே மானிட்டரில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்: போர்ட்டுக்கு ஒன்றாக மாட்டும் முறை

பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கம் கடைகளின் கணக்கு மேசையில் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பது இன்று சாதாரணம். ஒன்று விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப். அதில்தான் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்த பழைய பில்லும் வாடிக்கையாளர் பெயர்களும் கிடக்கின்றன. நாடு 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறினாலும் அந்தப் பழைய பதிவுகள் தாமாக மாறிவிடவில்லை. மற்றொன்று புது லேப்டாப். இரண்டும் வேண்டும், ஆனால் மேசையில் இரண்டு மானிட்டருக்கு இடமில்லை. கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் இரண்டு மானிட்டரைச் சுமக்க வேண்டியிருக்கும்.

இந்த நிலையில் பலர் முதலில் போய்க் கேட்பது "ரெண்டு கம்ப்யூட்டர் ஒரு மானிட்டர் பெட்டி". பெரும்பாலும் அந்தப் பெட்டி தேவையே இல்லை. மானிட்டரின் பின்பக்கம் இரண்டு மூன்று வகைப் போர்ட் இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டரை மாட்டிவிட்டு மானிட்டரின் பட்டனாலேயே மாறி மாறிப் பார்க்கலாம். போர்ட்டை மாற்றும் சுவிட்ச் மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

மானிட்டரைத் திருப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். போர்ட்டுகள் கீழ்நோக்கி இருக்கும் மாடல்களில் நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணில் படக்கூடியவை இவை:

விஜிஏ: நீல நிறம், மூன்று வரிசையில் 15 ஓட்டை, இரு பக்கமும் ஸ்க்ரூ. 1987இல் வந்தது, அனலாக் சிக்னல், ஒலி வராது. பழையது என்று ஒதுக்க வேண்டாம். நல்ல கேபிளில் 1920×1080 படத்தைக் கண் உறுத்தாமல் காட்டும்.

டிவிஐ: வெள்ளை நிறம், அகலமானது, இதற்கும் ஸ்க்ரூ உண்டு. ஒரு ஓரத்தில் தட்டையான கீற்று இருக்கும். அந்தக் கீற்றைச் சுற்றி நான்கு சிறு ஓட்டை இருந்தால் டிவிஐ-ஐ: அனலாக், டிஜிட்டல் இரண்டும் வரும். நான்கும் இல்லாவிட்டால் டிவிஐ-டி: டிஜிட்டல் மட்டும். கேபிளின் முனையில் அந்த நான்கு ஊசியும் இருந்து, மானிட்டரில் ஓட்டை இல்லையென்றால் அது உள்ளே போகாது. அழுத்தினால் ஊசி வளையும்.

எச்டிஎம்ஐ: டிவியில் பார்த்துப் பழகியது, 19 ஊசி, ஒலியும் சேர்ந்தே வரும்.

டிஸ்பிளேபோர்ட்: எச்டிஎம்ஐ போலவே தோன்றும், ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல் இருக்கும். 20 ஊசி. பல கேபிள்களில் ஒரு கொக்கி உண்டு. மேலே உள்ள பட்டனை அமுக்காமல் இழுத்தால் போர்ட்டே பெயர்ந்து வரும்.

டைப்-சி: புது மானிட்டர் சிலவற்றில் மட்டும்.

இனி கம்ப்யூட்டர்களின் பின்பக்கம். டெஸ்க்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வீடியோ போர்ட்டுகள் இரண்டு இடத்தில் இருக்கும்: யூஎஸ்பி போர்ட்டுகளின் பக்கத்தில் சில, கீழே படுக்கை வசத்தில் சில. கேபிளைக் கீழே உள்ள கார்டில்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டிவிட்டு "கம்ப்யூட்டர் ஓடுது, படம் வரல" என்று சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டைக் கண்டதும் படம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். போர்ட்டின் பக்கத்தில் டி எழுத்துக்குள் பி இருக்கும் டிஸ்பிளேபோர்ட் அடையாளமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் அம்போ இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி குறி மட்டும் இருந்தால் அந்த மாடலின் விவரத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள். போன் சார்ஜ் செய்யும் சாதாரண டைப்-சி கேபிள் படம் கடத்தாது.

எதை எதில் மாட்டுவது

வசதி குறைந்த கம்ப்யூட்டருக்கு முதலில் இடம் கொடுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் விஜிஏ மட்டும்தான் என்றால் மானிட்டரின் விஜிஏ அதற்கே. எச்டிஎம்ஐ உள்ள லேப்டாப்புக்கு எச்டிஎம்ஐ. டிஸ்பிளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் அதற்கு டிஸ்பிளேபோர்ட். இந்த வரிசையில் பிரித்தால் பெரும்பாலும் அடாப்டரே தேவைப்படாது. முதலில் லேப்டாப்பை விஜிஏவில் மாட்டிவிட்டுப் பிறகு பழைய கம்ப்யூட்டருக்குக் கன்வெர்ட்டர் தேடுவது வீண் செலவு.

கேபிள் நீளம் 1.5 முதல் 2 மீட்டர் போதும். விஜிஏ கேபிளை வாங்கும்போது பருமனாக, இரு முனையிலும் உருளை உப்பல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். மெல்லிய மலிவுக் கேபிளில் 9, 12, 15ஆம் ஊசிகளுக்குக் கம்பியே போடாமல் விட்டிருப்பார்கள். மானிட்டர் தன் பெயரையும் அளவையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வழி அதுதான். அது அறுந்தால் விண்டோஸ் மானிட்டரை அடையாளம் காணாமல் 1024×768 அளவிலேயே நின்றுவிடும். டிரைவரை நூறு தடவை போட்டாலும் மாறாது.

4கே மானிட்டர் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 உள்ள கம்ப்யூட்டர் 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும். மவுஸ் அம்பு இழுபட்டாற்போல் நகரும். 60 தடவை வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும். கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

அடாப்டருக்குத் திசை உண்டு

கடையில் கவரின் மேல் "விஜிஏ எச்டிஎம்ஐ" என்று எழுதியிருந்தால் போதாது. எதிலிருந்து எதற்கு என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் முதலில், மானிட்டர் பக்கம் பிறகு என்று சொல்லிக் கேளுங்கள்.

டிவிஐ-டி, எச்டிஎம்ஐ இரண்டும் ஒரே வகை டிஜிட்டல் சிக்னல். அதனால் சும்மா ஊசி மாற்றும் அடாப்டர் போதும், எந்தப் பக்கமும் வேலை செய்யும். ஒலி மட்டும் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்பிளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்கு: பெரும்பாலான கம்ப்யூட்டரில் சாதாரணக் கேபிளே போதும். அதே கேபிளைத் தலைகீழாக மாட்டி எச்டிஎம்ஐ லேப்டாப்பை டிஸ்பிளேபோர்ட் மானிட்டரில் போட்டால் எதுவும் வராது. கேபிள் கெட்டுப்போகவில்லை, அது ஒருவழிப் பாதை. அந்தத் திசைக்கு யூஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் தனி கன்வெர்ட்டர் வேண்டும். டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிளும் இப்படியே ஒருவழிதான்.

எச்டிஎம்ஐ லேப்டாப்பிலிருந்து விஜிஏ மானிட்டருக்கு: உள்ளே சிப் இருக்கும் சிறு அடாப்டர் வேண்டும். அது எச்டிஎம்ஐ போர்ட் தரும் 5 வோல்ட்டிலேயே ஓடப் பார்க்கும். ஆனால் எச்டிஎம்ஐ விதிப்படி அந்த ஊசியில் உறுதியாகக் கிடைப்பது 55 மில்லிஆம்பியர்தான். சில லேப்டாப்பில் படம் வந்து வந்து போவதற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டில் மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை உள்ள அடாப்டராக வாங்கி யூஎஸ்பி சார்ஜரில் மாட்டினால் அந்தத் தொல்லை தீரும்.

பழைய கம்ப்யூட்டரின் விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள புது மானிட்டருக்கு: யூஎஸ்பி கரண்டும் 3.5 மில்லிமீட்டர் ஒலி வயரும் உள்ள கன்வெர்ட்டர். ஒரு முனை விஜிஏ, மறுமுனை எச்டிஎம்ஐ என்று வெறும் கேபிளாக விற்பார்கள். உள்ளே சிப் இல்லாவிட்டால் அது வெறும் கயிறு. டிவிஐ-டியிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிப் இல்லாத குட்டி அடாப்டரும் அதே கதை. கம்ப்யூட்டரில் நான்கு ஓட்டையுள்ள டிவிஐ-ஐ இருந்தால் மட்டும் அது உதவும்.

எர்த் இல்லாத வீட்டில் கேபிள் மாட்டும் விதம்

கடையில் கேபிள் விற்பவர் இதைச் சொல்லமாட்டார். போர்ட் எரிந்த பிறகுதான் தெரியவரும்.

நம் ஊரில் கரண்ட் 230 வோல்ட். பழைய கட்டடங்களில் சாக்கெட்டுக்கு எர்த் வயர் இழுக்காமலே விட்டிருப்பார்கள். எர்த் இருந்தாலும் மூன்று கால் பிளக்கை இரண்டு கால் சாக்கெட்டில் சொருக ஓர் அடாப்டரைப் போட்டு எர்த்தை நாமே துண்டித்துவிடுவோம். வட்டக் கால், சதுரக் கால் என்று பல வகைப் பிளக் புழங்கும் நாட்டில் இது தவிர்க்க முடியாத பழக்கமாகிவிட்டது.

டெஸ்க்டாப்பின் பவர் சப்ளைக்குள், லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவதற்காக வைத்தது. எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவில் தொங்கும். அதாவது ஏறக்குறைய 115 வோல்ட்டில் இருக்கும். கைவைத்தால் எறும்பு கடிப்பதுபோல் சுரீர் என்பது அதுதான். ஆளைத் தாக்கும் அளவு கரண்ட் அதில் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளை ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டரில் சொருகும் நொடியில், வெளிக்கூடு சரியாகத் தொடும் முன் உள் ஊசி தொட்டுவிட்டால் அந்த வோல்ட் சிப்பின் வழியாக இறங்கும். "நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னைக்கு எச்டிஎம்ஐ மட்டும் செத்துப்போச்சு" என்பதன் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். ஒரே மானிட்டரில் இரண்டு மூன்று கம்ப்யூட்டரை மாட்டும்போது எல்லாப் பெட்டிகளும் கேபிளின் கூடு வழியே ஒன்றோடொன்று இணைகின்றன. ஆகவே ஆபத்தும் கூடுகிறது.

செய்ய வேண்டியது மூன்று. எல்லாப் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். அந்தப் பாக்ஸை எர்த் உள்ள சாக்கெட்டில் போடுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு முறையாக எர்த் இழுக்கச் செய்யுங்கள், தண்ணீர்க் குழாயில் வயரைச் சுற்ற வேண்டாம். யூபிஎஸ் வாங்கினாலும் அது எர்த்தை உண்டாக்கித் தராது. எர்த் வரும்வரை, வீடியோ கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஏனென்றால் ஒற்றைச் சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறதா லைனை வெட்டுகிறதா என்பது பழைய வயரிங்கில் நிச்சயமில்லை. லேப்டாப்புக்குச் சார்ஜரைக் கழற்றினால் போதும்.

டெஸ்டரைப் பெட்டியின் இரும்பில் வைத்து வெளிச்சம் மங்கலாக வந்தால் பெரும்பாலும் மேலே சொன்ன கெப்பாசிட்டர் கசிவு. பளிச்சென்று எரிந்தாலோ கைக்கு அதிர்ச்சி பலமாகத் தெரிந்தாலோ அது வேறு கோளாறு. தொடாமல் மெயினை அணைத்து ஆளைக் கூப்பிடுங்கள்.

மாட்டும் வரிசை

1. எல்லாக் கம்ப்யூட்டரையும் முறையாக ஷட்டவுன் செய்து, மானிட்டர் உட்பட எல்லாப் பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

2. விஜிஏ, டிவிஐ கேபிளைச் சொருகி இரு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கையால் திருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது ஒரு நிறம் மட்டும் போய்ப் படம் மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரியும்.

3. எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட்டை நேராகச் சொருகுங்கள். கேபிளின் பாரம் போர்ட்டில் தொங்காமல் மானிட்டர் காலில் ஒரு கட்டு போடுங்கள்.

4. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒட்டுத்தாள் சுற்றி "பில்", "லேப்டாப்" என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மேசைக்கு அடியில் தலையை நுழைக்கும்போது இதன் அருமை தெரியும்.

5. பிளக்குகளை மாட்டி, முதலில் மானிட்டரையும் பிறகு ஒரே ஒரு கம்ப்யூட்டரையும் போடுங்கள். மானிட்டரின் இன்புட் அல்லது சோர்ஸ் பட்டனில் அந்தப் போர்ட்டைத் தேர்ந்தெடுத்துப் படம் வருகிறதா பாருங்கள். அதை அணைத்துவிட்டு அடுத்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே சரியென்று தெரிந்த பிறகே எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.

6. விண்டோஸில் டிஸ்பிளே அமைப்புக்குப் போய் மானிட்டரின் சொந்த அளவை (24 அங்குலத்தில் பெரும்பாலும் 1920×1080), 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 தடவை) வையுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் கீயோடு பி கீயை அமுக்கி "இரண்டாவது திரை மட்டும்" என்பதை எடுத்தால் லேப்டாப்பின் சொந்தத் திரை அணைந்து மானிட்டர் மட்டும் ஓடும்.

7. விஜிஏவுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல்: வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுதும் திறந்துவைத்து மானிட்டரின் ஆட்டோ பட்டனை அமுக்குங்கள். கறுப்பு வால்பேப்பர் இருக்கும்போது அமுக்கினால் படத்தின் ஓரம் எங்கே என்று மானிட்டருக்குத் தெரியாது; ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

போர்ட்டை மாற்றுவது

மானிட்டரின் மெனுவில் ஆட்டோ சோர்ஸ் என்று ஒன்று இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இருந்தால் அது வசதி, இரண்டு இருந்தால் தொல்லை. லேப்டாப் தூங்கப் போனதும் திரை தானாகப் பில் கம்ப்யூட்டருக்குத் தாவும். கரண்ட் போய் வரும்போது எந்தக் கம்ப்யூட்டர் முதலில் சிக்னல் தருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். முறைவைத்துக் கரண்ட் வரும் ஊரில் இது தினப்படி எரிச்சல். அதை அணைத்துவிட்டு, பட்டனால் மட்டும் மாற்றுங்கள். டிஸ்பிளேபோர்ட்டில் "டீப் ஸ்லீப்" என்று மெனுவில் இருந்தால் அதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் போர்ட்டை மாற்றித் திரும்பும்போது திரையில் திறந்துவைத்த ஜன்னல்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும்.

பட்டன் தேய்ந்த மானிட்டரில் கீபோர்டாலேயே மாற்ற வழி உண்டு. டிடிசி என்ற வசதி மூலம் மானிட்டருக்குக் கம்ப்யூட்டர் கட்டளை அனுப்பலாம். மெனுவில் டிடிசி/சிஐ என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸில் நிர்சாஃப்ட்டின் இலவச கன்ட்ரோல்மைமானிட்டர், லினக்ஸில் டிடிசியூட்டில். இன்புட்டை மாற்றும் குறி எண் 60. அதற்கு மதிப்பு 1 கொடுத்தால் விஜிஏ, 3 டிவிஐ, 15 டிஸ்பிளேபோர்ட், 17 எச்டிஎம்ஐ, 18 இரண்டாவது எச்டிஎம்ஐ. சில மானிட்டர் சொந்த எண் வைத்திருக்கும். இப்போதைய மதிப்பைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதை ஒரு ஷார்ட்கட் கீயில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. விஜிஏ கேபிளில் 12, 15ஆம் ஊசி இல்லையென்றால் இதுவும் நடக்காது.

கீபோர்டு, மவுஸ், ஒலி

மானிட்டர் படத்தை மட்டுமே மாற்றும். கீபோர்டும் மவுஸும் மாற, இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே வைக்கும் யூஎஸ்பி சுவிட்ச் போதும்: ஒரு பட்டன், இரண்டு யூஎஸ்பி கேபிள், நான்கு ஓட்டை. படமும் சேர்த்து மாற்றும் கேவிஎம் பெட்டியைவிட இது எங்களுக்குப் பிடித்தது. மலிவுக் கேவிஎம்மில் மறுபக்கம் போன கம்ப்யூட்டர் மானிட்டரே இல்லை என்று நினைத்து அளவைச் சுருக்கிக்கொள்ளும். திரும்பி வந்தால் ஐகான்கள் மூலையில் குவிந்திருக்கும். மானிட்டரின் சொந்தப் போர்ட்டில் நேராக மாட்டியிருந்தால் இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

பழைய டெஸ்க்டாப்பைப் போடும் நேரத்தில் யூஎஸ்பி சுவிட்ச் லேப்டாப் பக்கம் இருந்தால் "கீபோர்டு இல்லை" என்று சொல்லி நின்றுவிடலாம். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புத் திரை) "ஹால்ட் ஆன்" என்பதைக் கீபோர்டு தவிர மற்றவைக்கு என்று மாற்றுங்கள்.

ஒலிக்கு: எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட்டில் வருவது மானிட்டரின் ஹெட்போன் ஓட்டையில் வெளியே வரும். விஜிஏ கம்ப்யூட்டரின் ஒலியை, மானிட்டரில் ஆடியோ இன் இருந்தால் அங்கே 3.5 மில்லிமீட்டர் வயரால் மாட்டலாம். இரண்டு கம்ப்யூட்டரின் ஒலி வயரை ஒரே ஒய் வயரில் சேர்த்து ஸ்பீக்கருக்குக் கொடுக்காதீர்கள். ஒன்றின் அவுட்புட் மற்றதை அமுக்கும், ஒலி தேயும், நாளடைவில் சவுண்ட் சிப்புக்கும் கேடு.

படம் வராவிட்டால்

"நோ சிக்னல்" என்றால் பெரும்பாலும் மானிட்டர் வேறு போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அல்லது கம்ப்யூட்டர் தூங்குகிறது. முதலில் இன்புட் பட்டன், பிறகு கீபோர்டில் ஒரு தட்டு, அதற்குப் பிறகே கேபிள்.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்றால் சிக்னல் வருகிறது, மானிட்டருக்குத் தாங்கவில்லை. பழைய மானிட்டரில் 75 ஹெர்ட்ஸ் வைத்திருக்கலாம். சேஃப் மோடில் ஏற்றி 60க்கு இறக்குங்கள்.

விஜிஏ படத்தில் மங்கிய பட்டை மேலேறினால் எர்த் வழியே இரைச்சல் வருகிறது. எல்லாப் பிளக்கும் ஒரே பாக்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்தால் கேபிள் மோசம் அல்லது மிக நீளம்.

எச்டிஎம்ஐ படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் தெரிந்தால் கிராபிக்ஸ் அமைப்பில் ஓவர்ஸ்கேன் அளவைச் சுழியாக்குங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் நிற வரம்பை முழு வரம்பு, அதாவது 0 முதல் 255 என்று மாற்றுங்கள். 16 முதல் 235 என்பது டிவிக்கானது.

மழைக்காலத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விஜிஏ திடீரென்று ஒரு நிறத்தை இழந்தால் ஊசியில் பச்சை பிடித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

மானிட்டரில் எச்டிஎம்ஐ ஒன்று மட்டுமே இருந்து, இரண்டு கம்ப்யூட்டரும் எச்டிஎம்ஐ என்றால்தான் பெட்டி வாங்க வேண்டிவரும். அப்போதும் கேட்க வேண்டியது சுவிட்ச், ஸ்பிளிட்டர் அல்ல. சுவிட்சில் இரண்டு உள்ளே வந்து ஒன்று வெளியே போகும். ஸ்பிளிட்டரில் ஒன்று உள்ளே வந்து இரண்டு வெளியே போகும். இரண்டும் ஒரே அளவுக் கறுப்புப் பெட்டிகள்தான். இன், அவுட் என்று எழுதியிருப்பதை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.